பெற்றோர் பூசலும் பிள்ளைகளின் மௌனமும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல் துறை மாணவி)

காவிரிக் கரையோரம் உள்ள எங்கள் ஊர் விசைத்தறி ஊர். தறி ஓடிக்கொண்டிருக்கும்வரை எந்த வீட்டுச் சண்டையும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. மின்சாரம் நின்றால்தான் தெருவுக்குக் காது கேட்கத் தொடங்கும். “இன்னைக்கு எந்த வீடு?” என்று திண்ணையில் இருப்பவர்கள் கேட்டுக்கொள்வார்கள். எங்கள் வீடும் பல நாள் அந்தக் கணக்கில் வந்ததுண்டு. இதை எழுத நான் கூசவில்லை. எங்கள் தெருவில் அந்தக் கணக்கில் வராத வீடு ஒன்றுகூட இல்லை.

இத்தகைய வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஊர் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறது. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் பீடி பிடித்தாலும், பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தாலும், மூன்று பேராகப் பைக்கில் பறந்தாலும், “அப்பன் ஆத்தா சண்டையைப் பார்த்து வளர்ந்தவன், வேறெப்படி இருப்பான்?” என்று பேசி முடித்துவிடுவார்கள். சண்டையைப் பார்த்தான், அதைக் கற்றுக்கொண்டான், கெட்டான் என்பது அவர்கள் கணக்கு. அது சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உளவியல் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. நூலகத்தில் கிடைத்ததையும் கல்லூரிக் கணினியில் படித்ததையும் கொண்டே எழுதுகிறேன். பிழை காணின் பேராசிரியப் பெருமக்கள் திருத்த வேண்டுகிறேன்.

இத்துறையில் முதலில் பெரிதாகப் பேசப்பட்டது பூசல் அன்று, பிரிவு. இலண்டனில் குழந்தைகளுக்கான ஆலோசனை மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ஜான் பௌல்பி என்ற மருத்துவர், திருட்டுப் பழக்கம் கொண்ட 44 சிறார்களைப் பற்றி 1944-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்களுள் எவரிடமும் ஒட்டாதவர்கள், அன்பு காட்டத் தெரியாதவர்கள் என்று அவர் தனியே பிரித்தவர் 14 பேர். அந்த 14 பேரில் 12 பேர் இளம் வயதில் தாயை நெடுங்காலம் பிரிந்திருந்தவர்கள். ஆகவே தாயைப் பிரிந்த பிள்ளை தடம் மாறும், குடும்பம் உடைந்தால் பிள்ளையும் உடையும் என்ற எண்ணம் அறிஞரிடையே வேரூன்றியது. நம் ஊர்ப் பெரியவர்கள், “என்ன சண்டை போட்டாலும் ஒரே கூரையில் இருங்கள், பிள்ளைகளுக்காக” என்று சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

இவ்வெண்ணத்தை அசைத்தவர் மைக்கேல் ரட்டர். இவரும் இலண்டன் மருத்துவரே. பிரிவு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே, எல்லாப் பிரிவும் ஒன்றா என்று இவர் கேட்டார். தாய் நோயுற்று மருத்துவமனையில் இருந்ததால் பிரிந்த பிள்ளைகள் உண்டு. பெற்றோர் சண்டையால் பிரிந்த பிள்ளைகளும் உண்டு. முன்னவரிடம் முரட்டு நடத்தை கூடுதலாகக் காணப்படவில்லை, பின்னவரிடம் காணப்பட்டது. பெற்றோரில் ஒருவர் இறந்துபோன வீட்டுப் பிள்ளைகளைவிட, மணமுறிவு நேர்ந்த வீட்டுப் பிள்ளைகளிடமே அது மிகுதியாக இருந்தது. இறப்பைவிட நிரந்தரமான பிரிவு எது? ஆகவே பிள்ளையைக் கெடுப்பது பிரிவு அன்று, பிரிவுக்கு முன்னும் பின்னும் வீட்டில் நிலவிய பகையே என்று ரட்டர் 1972-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. பெற்றோர் இருவருள் ஒருவரிடமாவது நல்லுறவு கொண்டிருந்த பிள்ளை, சண்டை வீட்டிலும் ஓரளவு தப்பியது. இந்தச் செய்திக்குப் பின்னர் வருகிறேன்.

பூசல் என்றால் எது பூசல்? சத்தம் போட்டால்தான் சண்டை என்று நானும் எண்ணியிருந்தேன். அமெரிக்க உளவியலார் மார்க் கம்மிங்ஸ் 1980-கள் தொடங்கிப் பல சோதனைகள் செய்தார். பெரியவர் இருவர் குழந்தைகள் எதிரே கோபம் கொள்வதுபோல் நடிப்பார்கள், அல்லது அத்தகைய காட்சியைப் படமாகக் காட்டுவார்கள். குழந்தையின் முகம், உடல், பேச்சு ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார்கள். கத்திச் சண்டையிட்டபோது குழந்தைகள் கலங்கியதில் வியப்பில்லை. பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததையும் அவை சண்டை என்றே கொண்டன. சண்டை சமாதானத்தில் முடிந்ததைக் கண்டபோது கலக்கம் பெரிதும் தணிந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் சமாதானமாகி, சிரித்த முகத்துடன் இருவரும் வெளியே வந்தாலும் தணிந்தது. அப்படியானால் குழந்தை கவனிப்பது சண்டையை மட்டும் அன்று, அது எப்படி முடிகிறது என்பதையும்தான்.

எங்கள் வீட்டில் சண்டைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. தொடர்ந்து வருவது பேசா விரதம்தான். ஒரு வாரம், சில நேரம் பத்து நாள். அந்நாட்களில் நானும் தம்பியும் தூதுவர்கள். “உங்கொப்பன்கிட்டச் சொல்லு, நூல் முதலாளி ஆள் விட்டாருன்னு” என்பாள் அம்மா. அப்பா மூன்றடி தூரத்தில்தான் நின்றிருப்பார். “சோத்தைப் போட்டு மூடி வெக்கச் சொல்லு உங்கம்மாள” என்பார் அப்பா. சொன்னதை அப்படியே சொன்னால் சண்டை வரும், கொஞ்சம் மாற்றிச் சொன்னால் வராது என்பதைத் தம்பி ஆறு வயதிலேயே கற்றுக்கொண்டான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் மணமுறிவு பெற்ற குடும்பங்களைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்ட விடலைப் பருவத்தினரைப் பேட்டி கண்டு 1991-இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். தாய்க்கும் தந்தைக்கும் நடுவே அகப்பட்டதாக உணர்ந்த பிள்ளைகளிடமே மனச்சோர்வும் தவறான நடத்தையும் கூடுதலாக இருந்தன என்கிறது அது. அங்கே இரண்டு வீடு, இங்கே ஒரே வீடு. அகப்படுவதற்கு ஒரு வீடே போதும் என்பது என் எண்ணம்.

சண்டை எதைப் பற்றியது என்பதும் முக்கியம். கிரிச், ஃபின்சம் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-இல் முன்வைத்த விளக்கம் இது: பிள்ளை வெறுமனே சண்டையைக் கேட்பதில்லை, அதற்குப் பொருள் காண முயல்கிறது. ‘இதனால் எனக்கு என்ன ஆகும்? இது என்னால் வந்ததா?’ என்று கேட்டுக்கொள்கிறது. பிள்ளையைக் குறித்தே சண்டை நடந்தால், பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வது எளிதாகிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என்னைக் கல்லூரிக்கு அனுப்புவதா, மில் வேலைக்கு அனுப்புவதா என்று எங்கள் வீட்டில் நடந்த சண்டையில் ஓராண்டு போயிற்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் எனக்கு முன் யாரும் இல்லை. அம்மா என் பக்கம் நின்றாள். அவள் வாங்கிய ஒவ்வொரு வசையும் என் கணக்கில் ஏறியது. படிக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டால் வீடு அமைதியாகிவிடுமே என்று பல இரவு எண்ணியிருக்கிறேன்.

இனி, விடலைப் பருவத்தில் மட்டும் இது ஏன் விபரீதமாகிறது? ஐந்து வயதிலும் சண்டை கேட்டவன்தானே அவன்? விலங்கியல் மாணவி என்ற உரிமையில் இவ்விடத்தில் சற்று நிற்கிறேன். அச்சம் தோன்றியதும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். அது சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும். கார்டிசால் இரத்தத்தில் கலக்கும். உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகும். ஆபத்து நீங்கியதும் எல்லாம் தணிய வேண்டும் என்பதே இயற்கையின் ஏற்பாடு. முடிவே தெரியாத பூசலில் தணிவதற்கு நேரம் ஏது? குழந்தை அப்போது பாயில் சுருண்டு படுக்கும், பாட்டி மடியில் போய் ஒளியும். பதினான்கு வயதுப் பையன் வாசலைத் தாண்டி வெளியே போய்விடுகிறான். கால் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது. பருவமெய்தும் காலத்தில் இன்பத்தையும் பாராட்டையும் தேடும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. முன்பின் எண்ணிப் பார்க்கச் செய்யும் முன்மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. (இதை எழுதும் எனக்கும் அது இன்னும் முழுதாக முதிரவில்லை என்பதைப் படிப்பவர் நினைவில் கொள்க.)

வெளியே போனவன் யாரிடம் போகிறான்? கூட்டாளிகளிடம். அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 2005-இல் வெளியிட்ட சோதனை இங்கே பொருந்தும். 13 முதல் 16 வயதுள்ளவர், 18 முதல் 22 வயதுள்ளவர், 24 வயதைக் கடந்தவர் என மூன்று குழுக்களைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பின்னும் எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்பதே கணக்கு. சிலர் தனியே ஆடினார்கள், சிலர் நண்பர்கள் பக்கத்தில் இருக்க ஆடினார்கள். நண்பர்கள் உடன் இருந்தபோது இளையவர்களின் துணிச்சல் வெகுவாகக் கூடியது. வயது வந்தவர்களிடம் அப்படி நேரவில்லை. ஆகவே வீட்டுச் சண்டை பையனுக்குத் தவறைக் கற்பிக்க வேண்டியதே இல்லை. அவனை இரவு எட்டு மணிக்கு வாசலுக்கு வெளியே தள்ளினால் போதும்.

ஆயினும் நண்பர்களோடு சுற்றும் பிள்ளைகள் எல்லாருக்கும் கால் முறிவதில்லையே. ‘எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று பெற்றோர் கண்காணித்தால் பிள்ளை கெடாது’ என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். சுவீடன் நாட்டில் ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் அந்தச் சொல்லையே பிரித்துப் பார்த்தார்கள். 14 வயதுள்ள 703 பேரிடமும் அவர்கள் பெற்றோரிடமும் கேட்டு 2000-ஆம் ஆண்டில் அவர்கள் கண்டது இது: பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பது நன்மை என்பது உண்மை. ஆனால் அது எப்படித் தெரிகிறது? கேள்வி கேட்டுத் துளைப்பதாலும், கட்டுப்பாடு விதிப்பதாலும் தெரிவது குறைவு. பிள்ளை தானாக வந்து சொல்வதால்தான் பெரும்பகுதி தெரிகிறது. நாம் கண்காணிப்பு என்று பெயரிட்டு வைத்திருந்தது, பார்க்கப்போனால் பிள்ளையின் பேச்சு!

இதைப் படித்த அன்று நான் நூலகத்தில் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தம்பி ஏழாம் வகுப்பில் கணக்குத் தேர்வில் தோற்றதை வீட்டில் சொன்னான். “உன் செல்லம்தான்” என்றார் அப்பா. “நீங்க ஒரு நாளாச்சும் நோட்டைப் பார்த்தீங்களா?” என்றாள் அம்மா. கணக்கு அத்தோடு போயிற்று. தறிக்கடனும், அம்மா வீட்டுச் சீரும், பத்தாண்டுப் பழைய கதைகளும் வந்தன. தம்பி மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அன்றோடு அவன் அவர்களிடம் எதையும் சொல்வதை நிறுத்தினான். திட்டு விழும் என்ற பயம் அன்று. அவன் சொல்லும் ஒவ்வொரு செய்தியும் ஒருவர் கையிலிருந்து மற்றவர்மேல் எறியும் கல்லாக மாறுகிறது என்பதைக் கண்டுகொண்டான். ரட்டர் சொன்ன ‘ஒருவரிடமாவது நல்லுறவு’ என்பதும் இப்படித்தான் அடைபடுகிறது. அம்மாவிடம் மட்டும் சொல்லலாம் என்றால், அம்மாவுக்கு மட்டும் தெரிந்தது ஏன் என்று அதற்கும் ஒரு சண்டை வரும்.

எனினும் என்னிடம் சொல்வான். ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் கூட்டாளியின் அண்ணன் பைக்கை இரவில் எடுத்துப் புறவழிச்சாலையில் ஓட்டிப் பழகுவதாகச் சொன்னான். வாரத்துக்கு மூன்று நாள். “அக்கா, சொல்லிராத” என்றான். நான் சொல்லவில்லை. அவனுக்காகச் சொல்லவில்லை என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். உண்மையில் இன்னொரு சண்டையைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்து ஓர் இரவு 108 வண்டியில் அவனை ஏற்றிச் சென்றார்கள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கட்டிலின் இருபுறமும் நின்று அப்பாவும் அம்மாவும், “உனக்குத் தெரியாமலா போனான்?” “உங்களுக்குத் தெரியாதா?” என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்கள். இருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார். இம்மலரை வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் அவன் பாதுகாவலரும் வண்டிக்கு உரியவரும் பொறுப்பாவர். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று அவர்கள் மெய்ப்பித்தால் விலக்கு. எங்கள் வீட்டு நிகழ்ச்சியில் வழக்கு ஏதும் ஆகவில்லை, ஊரிலேயே பேசி முடித்தார்கள். ‘தெரியாது’ என்பது சட்டத்தின்முன் காப்பு என்பதைப் பின்னால் அறிந்தபோது, அந்தக் கட்டிலருகே அதுவே பெரிய குற்றமாக இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

சண்டையிடும் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அன்று. 1980-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வட்டி ஏறி, நிலத்தின் விலை வீழ்ந்து, கடன்பட்ட உழவர்கள் பலர் பண்ணைகளை இழந்தனர். ராண்ட் காங்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1989 முதல் அம்மாநிலத்துச் சிற்றூர்களில் 451 குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட சங்கிலி இது: பணமுடை பெற்றோரின் மனத்தைச் சோரச் செய்கிறது, சோர்ந்த மனம் கணவன் மனைவிக்குள் பூசலாகிறது, பூசல் பிள்ளைமேல் கடுமையாக இறங்குகிறது, பிள்ளை தடுமாறுகிறது. வறுமை நேரே பிள்ளையைக் கெடுக்கவில்லை, பெற்றோர் வழியே வந்து கெடுத்தது. சோளம் விதைக்கும் அயோவாவுக்கும் எங்கள் தெருவுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு தறி, இரண்டும் கடனுக்கு வாங்கியவை. நூல் கொடுக்கும் முதலாளி தரும் கூலி தள்ளிப்போன வாரமும், சண்டை வந்த வாரமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஒரு காலண்டரில் நானே குறித்துப் பார்த்திருக்கிறேன். குடி புகுந்த வீடுகளின் கதை வேறு. அதை எழுதப் புகுந்தால் மலர் கொள்ளாது. அடிதடி நடக்கும் வீடுகளில் பேச்சைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அங்கே முதலில் வேண்டுவது காப்பு. அதற்கென 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, சிறார்க்கு 1098 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. எங்கள் பள்ளிச் சுவரில் அந்த எண்ணை எழுதியிருந்தார்கள். சண்டை வீட்டுப் பிள்ளைகளாகிய நாங்கள் அது எங்களுக்கும் உரியது என்று எண்ணியதே இல்லை.

மரபியல் படிப்பவர்கள் இதற்குள் ஒரு தடை எழுப்பியிருப்பார்கள். முன்கோபியான தந்தைக்கு முன்கோபியான மகன் பிறக்கிறான். இதில் பூசலுக்கு என்ன வேலை? நல்ல கேள்வி. ஆஸ்திரேலியாவில் இரட்டையர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் வைத்துச் செய்த, 2007-இல் வெளிவந்த ஆய்வு, இத்தொடர்பின் பெரும்பகுதிக்கு மரபுக் கூறுகளே காரணம் என்றது. மறுபுறம், இரத்த உறவில்லாத தத்துப் பிள்ளைகள் வளரும் வீடுகளிலும் பூசலுக்கும் பிள்ளைகளின் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது. அந்த வீடுகளில் மரபைக் காரணம் காட்ட முடியாது. பாதிக்குப் பாதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். கூலி ஒழுங்காக வந்து, வீடு அமைதியாக இருந்த மாதங்களில் தம்பி மறுபடி பேசினான். பள்ளியில் நடந்ததைச் சொன்னான், வீட்டில் தங்கினான். ஒருவனுடைய மரபணு மாதத்துக்கு மாதம் மாறுவதாக எங்கள் பாடநூலில் இல்லை.

இன்னொரு குறை எனக்கு உண்டு. இத்துறையின் பெரிய ஆய்வுகள் பல பையன்களைப் பற்றியவை. பாஸ்டன் நகரில் குளுக் தம்பதியர் ஆராய்ந்து 1950-இல் எழுதியது, குற்றம் புரிந்த 500 பையன்களையும் புரியாத 500 பையன்களையும் பற்றி. தென் இலண்டனில் 1961-இல் தொடங்கிப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு 411 பையன்களைப் பற்றி. நாங்கள் எங்கே? சண்டை நடக்கும்போது எங்களுக்கு வாசல் கிடையாது, பைக் கிடையாது. தறியின் பின்னால் நூல் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். என்னோடு பத்தாம் வகுப்பு படித்த ஒருத்தி பதினாறு வயதில் ஒருவனோடு போய்விட்டாள். அவளும் இரவெல்லாம் சண்டை கேட்டு வளர்ந்தவளே. எவனோடு போனாள், எந்தச் சாதி என்று ஊரார் விசாரித்தார்கள். எதைவிட்டுப் போனாள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. தம்பி பைக்கில் ஏறியதும் அவள் பேருந்தில் ஏறியதும் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. அவளைப் பற்றி எழுத ஆய்வாளர் எவராவது வருவாராயின், எங்கள் தெருவில் அவருக்கு வேண்டிய செய்தி நிறைய உண்டு.

தம்பி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நடக்கையில் வலது கால் சற்றே இழுக்கும். வீட்டில் சண்டை நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். சென்ற ஆடி மாதம், ஆற்றில் புதுவெள்ளம் வந்த வாரம், நனைந்த துணியோடு வந்தவன் கேட்காமலே அம்மாவிடம், “பாலத்தடிக்குக் குளிக்கப் போயிருந்தோம்” என்றான். அம்மாவின் முகம் மாறியது. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாகச் சண்டை தொடங்கும் இடம் அது. நான் நூல் கண்டைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அப்பா தறியை நிறுத்தினார்.

“தண்ணி எதுவரைக்கும் இருந்துச்சு?” என்று தம்பியைக் கேட்டார்.

“இடுப்பளவுங்கப்பா.”

“யாராரு போனீங்க?”

தம்பி ஒவ்வொரு பெயராகச் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அப்பா தறியை ஓட்டவில்லை.